நோயாளியின் சீட்டு யாருடைய சொத்து?

(மில் தொழிற்சங்க ஊழியர்களுக்கும் இளம் வக்கீல்களுக்கும் நடந்த வகுப்பில் நிகழ்த்திய உரை)



சட்ட வகுப்பில் பேசும்படி கேட்டபோது நாம் சற்றுத் தயங்கினோம். நாம் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். முன்வரிசையில் கறுப்புக் கோட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சங்க ஆபீஸில் மனு எழுதிப் பழகிய கை, அவர்களுக்குச் சட்டத்தைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? ஆனால் விஷயம் இன்னதென்று தெரிந்ததும் ஒப்புக்கொண்டுவிட்டோம். தொழிலாளியின் வியாதி, அவருடைய ரத்தச் சோதனை, எக்ஸ்ரே, டாக்டர் எழுதிய சீட்டு ஆகியவற்றை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதே இன்றைய பேச்சு. இந்த விஷயத்தில் மற்றவர்களைக் குற்றம் சொல்லுவதற்கு முன்னால், நாம் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

கேட்டில் ஒலித்த வியாதி

2011 ஆம் வருஷம். நமது வட்டாரத்தில் ஒரு நூற்பு மில். பெயர் வேண்டாம். கார்டிங் பகுதியில் ஒரு சகோதரி வேலை பார்த்தார். இருபத்தைந்து வயது இருக்கும். மில் ஹாஸ்டலில் வாசம். வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிற முதல் நாளில் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும், இருமல் வரும், இரண்டு மூன்று நாளில் தணிந்து போகும். பிறகு அடுத்த வாரமும் அதே கதை. பஞ்சுத் தூசியில் நிற்கிறவர்களுக்கு இது புதிதல்ல. மில் டிஸ்பென்சரி டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். குழாயில் ஊதச் சொல்லி மூச்சுச் சோதனையும் செய்தார். கடைசியில் லீவுச் சீட்டில் ‘டி.பி. சந்தேகம்’ என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டு நேராக டைம் ஆபீஸுக்குப் போயிற்று. டைம் ஆபீஸ் மேஜையில் லீவு பைல் எப்போதும் திறந்தே கிடக்கும். காலை ஷிப்டு முடிவதற்குள் எல்லோரும் படித்துவிட்டார்கள். அன்று ராத்திரி ஹாஸ்டலில் அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்தார்கள். இரண்டாம் நாள் வார்டன் அம்மாள் அறையைக் காலி செய்யச் சொன்னார். நான்காம் நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று வாய்மொழியாக உத்தரவு.

அந்தச் சகோதரி, தன் எக்ஸ்ரே படத்தையும் மூச்சுச் சோதனைக் காகிதத்தையும் கொடுங்கள், வேறு டாக்டரிடம் காட்டிக்கொள்கிறேன் என்று கேட்டார். நிர்வாகம் என்ன பதில் சொல்லிற்று தெரியுமா? “அதெல்லாம் கம்பெனி ரிக்கார்டு. ரகசியம். வெளியே கொடுக்க முடியாது.”

பார்த்தீர்களா வேடிக்கையை! இருநூறு பேர் படித்த சமாச்சாரம், சம்பந்தப்பட்டவர் கேட்டதும் ரகசியமாகிவிட்டது.

இனி நாம் செய்ததைக் கேளுங்கள். மறுநாள் சாயங்காலமே மில் கேட்டில் கூட்டம் போட்டோம். மைக் வைத்தோம். ‘இன்ன ஊரைச் சேர்ந்த, இன்ன பெயருடைய நமது சகோதரிக்குக் காசநோய் என்று பொய்ப்பழி சுமத்தி விரட்டியிருக்கிறார்கள்’ என்று தொண்டை கிழியப் பேசினோம். கைதட்டல் நன்றாகவே இருந்தது. புளியமரத்துக்குப் பின்னால் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு அவர் நின்றதை நாம் கவனிக்கவில்லை.

ஒலிபெருக்கிக்கு மில் கேட்டோடு நிற்கத் தெரியுமா? பக்கத்து ஊர்களுக்கும் கேட்டது. அவருடைய தங்கைக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் அந்த வாரமே நின்றுவிட்டது. அவர் சங்க ஆபீஸுக்கு வந்து வாசற்படியிலேயே நின்றுகொண்டு சொன்னார்: “நாயம் கேட்டுத் தாங்கன்னுதானுங்க உங்ககிட்ட வந்தேன். எம்பட வியாதிய ஊருக்கெல்லாம் சொல்லச் சொல்லியா வந்தேனுங்க? டைம் ஆபீசுக்காரனாச்சும் மெல்லமாத்தான் சொன்னானுங்க.”

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். நமக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவருக்காகத்தானே கத்தினோம் என்று நினைத்தோம். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

“வெளியே இருங்கள், தோழர்!”

நமக்கு உதவி செய்துவந்த ஒரு இளம் பெண் வக்கீலிடம் விஷயத்தைக் கொண்டுபோனோம். சகோதரியை உட்காரச் சொன்னார். பிறகு நம்மைப் பார்த்து, “கொஞ்ச நேரம் வெளியே இருங்கள், தோழர்” என்றார். நமக்கு முகம் சிறுத்துவிட்டது. சங்கத்தின் வழக்கு, சங்கத்தின் செயலாளர் வெளியே நிற்பதா? திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பின்னால் யோசித்துப் பார்த்தபோது, இந்த வக்கீல் தொழிலின் முதல் பாடமே அதுதான் என்று புரிந்தது. வியாதியைச் சொல்லுகிறவர், தான் விரும்புகிற ஆளிடம், தான் விரும்புகிற அளவுக்குச் சொல்ல வேண்டும். மீதியை வக்கீல் கேட்கக் கூடாது. சங்கம் கேட்கவே கூடாது.

பிறகு வக்கீல் செய்த காரியம் இன்னும் விசேஷமானது. நாமாக இருந்தால் மில் நிர்வாகத்துக்கு நோட்டீஸ் விட்டிருப்போம். அவர் மில்லுக்கு எழுதவில்லை. டிஸ்பென்சரி டாக்டரின் பெயருக்கே எழுதினார். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002 இல் வகுத்த ஒழுக்க விதிகளில், நோயாளி அல்லது அவர் அதிகாரம் கொடுத்த ஆள் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. இந்தக் கடமை டாக்டரின் தலையில் இருக்கிறது. அவர் எந்த முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறார் என்பது அங்கே பிரச்சினையே இல்லை. மறுத்தால் கவுன்சிலில் அவருடைய பதிவுக்கே ஆபத்து. கடிதம் ஒரே பக்கம்தான். அதில் வியாதியின் பெயர் எங்குமே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாம் நாள் எக்ஸ்ரே படமும் சோதனைக் காகிதமும் வந்து சேர்ந்தன. சர்க்கார் நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்தார்கள். மூச்சுச் சோதனையையும் மறுபடி செய்தார்கள். காசநோய் இல்லை; பஞ்சுத் தூசி நுரையீரலைப் பிடித்திருக்கிறது என்றார்கள். ‘பிஸினோஸிஸ்’ என்பது அதன் பெயர். அது தொழில்நோய்களின் பட்டியலில் உள்ள வியாதி. அதாவது நஷ்டஈடு கொடுக்கப்பட வேண்டிய வியாதி! ‘கம்பெனி ரகசியம்’ யாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா?

சிகிச்சையில் இருக்கும் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73 ஆவது ஷரத்து அப்போது சொல்லிற்று. அதைக் காட்டியதும் நிர்வாகம் இறங்கிவந்தது. வேலை உண்டு என்றார்கள். மெடிக்கல் போர்டில் ஊனப் பலன் கேட்கவும் வழி பிறந்தது. எல்லாம் நமக்குச் சாதகமாகவே முடிந்தது. ஆனால் அந்தச் சகோதரி மில்லுக்குத் திரும்பவில்லை. எந்தக் கேட்டில் தன் பெயரையும் வியாதியையும் மைக்கில் கேட்டாரோ, அந்தக் கேட்டுக்குள் நுழைய அவருக்கு மனம் வரவில்லை. இந்தக் கணக்கு மில் நிர்வாகத்தின் பேரில் மட்டும் எழுத வேண்டிய கணக்கல்ல.

மூன்றே மூன்று கதவுகள்

நோயாளி சொன்னதை வெளியே சொல்லமாட்டேன் என்று வைத்தியன் சத்தியம் செய்வது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கிரேக்க வைத்தியன் ஹிப்போக்ரேட்ஸ் பெயரால் வழங்கும் பிரமாணத்திலேயே இருக்கிறது. காரணம் எளிது. ரகசியம் நிற்காது என்று தெரிந்தால் நோயாளி உண்மையைச் சொல்லமாட்டான். உண்மை தெரியாவிட்டால் மருந்து தப்பாகப் போகும்.

நம் நாட்டில் 2002 ஆம் வருஷத்து விதிகள் டாக்டருக்கு மூன்று கதவுகளை மட்டுமே திறந்து வைத்திருக்கின்றன. கோர்ட்டில் நீதிபதி உத்தரவிட்டால் சொல்லலாம். குறிப்பிட்ட ஒரு ஆளுக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து இருக்குமானால் சொல்லலாம். சர்க்காருக்கு அறிவித்தே தீர வேண்டிய வியாதியானால் சொல்லலாம். இந்த மூன்றில் ‘டைம் ஆபீஸ் கேட்டால் சொல்லலாம்’ என்று ஒன்று உண்டா? விளக்குப் போட்டுத் தேடினாலும் கிடையாது. (2023 இல் புதிய விதிகள் என்று அறிவித்தார்கள், அந்த மாதமே நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஆகவே பழைய விதிகளையே பிடித்துக்கொள்ளுங்கள்.)

இங்கே ஒரு மயக்கம் வரும். காசநோய் 2012 முதல் அறிவிக்க வேண்டிய வியாதி. ‘அறிவிக்க வேண்டியது என்று சட்டமே சொல்லுகிறதே, ஆகவேதான் அறிவித்தோம்’ என்று நிர்வாகம் சாமர்த்தியமாகப் பேசும். யாருக்கு அறிவிப்பது? பொதுச் சுகாதார அதிகாரிக்கு. மருந்து தொடர்ந்து கிடைப்பதற்காக, வீட்டில் இருப்பவர்களைச் சோதிப்பதற்காக. மேஸ்திரிக்கும் வார்டனுக்கும் அல்ல. இந்த ஒரு கேள்வியை, அதாவது ‘யாருக்கு’ என்பதை, எந்த வழக்கிலும் முதலில் கேளுங்கள்.

கோர்ட்டுகள் எப்போதும் நோயாளியின் பக்கம் நின்றன என்று நினைத்துவிட வேண்டாம். 1989 இல் கோவாவில் டொமினிக் டிசூஸா என்ற இளைஞர் தானாக முன்வந்து ரத்ததானம் செய்து வந்தவர். அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும், அவருக்கு முதலில் செய்தி சொல்ல வந்தது டாக்டரல்ல, போலீஸ்! பழைய காசநோய் சானடோரியம் ஒன்றில் 64 நாள் அடைத்து வைத்தார்கள். கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. அவருடைய தாயார் லூசி டிசூஸா பம்பாய் ஹைக்கோர்ட்டின் கோவா பெஞ்சில் வழக்காடினார். சட்டம் செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. டொமினிக் 1992 இல் காலமானார். அதற்கு முன்பு, தம்மைப் போன்றவர்களுக்காக ‘பாசிட்டிவ் பீப்பிள்’ என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கிவிட்டுத்தான் போனார்.

மற்றொரு வழக்கு நமது சென்னையில் முளைத்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதும் 1986 இல் இதே சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனின் குழு கண்டுபிடித்தது. நாகாலாந்து சர்க்காரில் டாக்டராக இருந்த ஒருவர் 1995 இல் சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் கொடுத்தார். சோதனை முடிவு வெளியே கசிந்து, நிச்சயிக்கப்பட்ட கல்யாணம் நின்றது. சொந்த ஊரில் இருக்க முடியாமல் போயிற்று. கோர்ட்டில் அவர் பெயர் ‘எக்ஸ்’, ஆஸ்பத்திரியின் பெயர் ‘இஸட்’. 1998 இல் சுப்ரீம் கோர்ட் ஆஸ்பத்திரி செய்தது தவறில்லை என்றது. மணப்பெண்ணின் உயிரைக் காப்பது பெரிது என்றது. அதோடு நிற்காமல், அவருடைய கல்யாண உரிமையைப் பற்றியும் கேட்காத அபிப்பிராயத்தைச் சொல்லிற்று. அந்த அபிப்பிராயம் அனாவசியமானது என்று 2002 இல் அதே சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டிவந்தது. மணப்பெண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஒரு பெண்ணின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் அவளுக்குச் சொல்லுவது வேறு, ஊருக்குச் சொல்லுவது வேறு. 2017 ஆம் வருஷத்து எச்.ஐ.வி. சட்டம் துணைக்கு எந்த முறையில் சொல்லலாம் என்று தனியே ஒரு வழி வகுத்திருக்கிறது.

பெயரில்லாத தொழிலாளியின் வெற்றி

நாம் மனதில் பதித்துக்கொள்ள வேண்டிய வழக்கு 1997 ஆம் வருஷத்து பம்பாய் வழக்கு. ஒரு பொதுத்துறை ஸ்தாபனம். அதில் பல வருஷம் தற்காலிகக் கூலியாக உழைத்த ஒரு தொழிலாளி. நிரந்தரமாக்கும் வரிசையில் அவர் பெயர் வந்தபோது டாக்டர் பரிசோதனை. வேலைக்குத் தகுதியான உடம்பு என்றும், எச்.ஐ.வி. இருக்கிறது என்றும் முடிவு வந்தது. முதல் பாதியை நிர்வாகம் படிக்கவில்லை. இரண்டாவது பாதியைப் படித்துவிட்டுப் பெயரை அடித்துவிட்டது.

வேலையும் இல்லை, கையில் காசும் இல்லை. வழக்குப் போடலாம், ஆனால் போட்டால் பெயர் வெளியே வரும். பெயர் வந்தால் குடியிருக்கும் வீடு போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போகும். நியாயத்துக்கு வரி கட்டுவதுபோல மானத்தைக் கட்டிவிட்டுத்தான் கோர்ட்டுக்குள் நுழைய வேண்டும் என்றால் எந்தத் தொழிலாளி நுழைவான்?

வழக்கை நடத்தியது லாயர்ஸ் கலெக்டிவ் என்ற வக்கீல் ஸ்தாபனம். ஆனந்த் குரோவர் வாதாடினார். அவர்கள் முதலில் கேட்டது வேலையை அல்ல. மனுதாரரின் பெயரை மறைத்து வழக்கு நடத்த அனுமதி வேண்டும் என்பதைத்தான். ஹைக்கோர்ட் அனுமதித்தது. வழக்கின் பெயர் ‘எம்.எக்ஸ். எதிர் இஸட்.ஒய்.’ என்று ஆயிற்று. வேலை செய்யத் திராணி இருக்கிறது, கூட வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து இல்லை, அப்படியிருக்க வியாதியின் பெயரைச் சொல்லி வேலையை மறுப்பது அரசியல் சட்டத்தின் 14, 21 ஆவது ஷரத்துகளுக்கு விரோதம் என்று தீர்ப்பாயிற்று. அவரை மறுபடி பட்டியலில் சேர்க்க உத்தரவு. இழந்த வருமானத்துக்காக 40,000 ரூபாய். சட்டப் புத்தகத்தில் இன்றைக்கும் அவர் எம்.எக்ஸ். தான். அவர் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று உங்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நாம் கேட்டில் செய்த பிழையை நினைத்துக்கொண்டு இந்த வழக்கைப் படித்தபோது வெட்கமாக இருந்தது.

அந்தப் போராட்டத்தின் பலன் இருபது வருஷம் கழித்துச் சட்டமாயிற்று. 2018 செப்டம்பர் 10 முதல் அமுலில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம், வேலைக்கு எடுக்கும்போது எச்.ஐ.வி. சோதனை கேட்பதைத் தடுக்கிறது. சம்மதமில்லாமல் நிலையை வெளியிடுவதைத் தடுக்கிறது. கோர்ட்டில் பெயரை மறைத்து வழக்காட உரிமை கொடுக்கிறது. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள ஸ்தாபனத்தில் புகார் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். ஆஸ்பத்திரியானால் இருபது பேர் இருந்தாலே போதும். உங்கள் மில்லில் அந்த அதிகாரி யார் என்று இங்கே இருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கள். … சரி, இறக்கிவிடுங்கள். தூக்கினது இரண்டு கைகள்தான்.

மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கும் 2017 ஆம் வருஷத்துச் சட்டம் இதே பாதுகாப்பைத் தருகிறது. கர்ப்பக் கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரை வெளியிடும் டாக்டருக்கு ஒரு வருஷம் வரை சிறை என்று 2021 இல் திருத்தம் வந்தது. ஹாஸ்டல் பெண்களிடம் வேலை செய்யும் நமது சகோதரிகள் இதைத் தெரிந்துவைத்திருப்பது மிகவும் அவசியம்.

பூட்டிய பீரோ

இதுவரை பேசியது, நமது வியாதி முதலாளி கைக்குப் போகாமல் தடுப்பதைப் பற்றி. இன்னொரு பக்கம் இருக்கிறது. அதைச் சட்டம் படித்தவர்களே அதிகம் கவனிப்பதில்லை. நமது ஏடு நமது கைக்கே வராமல் பூட்டி வைப்பது!

கல்நார் ஆலையில் வேலை செய்கிறவன் நெஞ்சில் அந்தத் தூள் படிந்து, வியாதி வெளியே தெரிய இருபது முப்பது வருஷம் ஆகும். அதற்குள் அவன் ரிட்டையர் ஆகியிருப்பான், கம்பெனி கைமாறியிருக்கும், காகிதம் கறையானுக்குப் போயிருக்கும். எதை வைத்து நஷ்டஈடு கேட்பான்? 1995 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இதைப் புரிந்துகொண்டு உத்தரவு போட்டது. கல்நார்த் தொழிலாளி ஒவ்வொருவரின் சுகாதார ஏட்டையும், வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷமோ, வேலையை விட்டபின் 15 வருஷமோ, எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றது. டாக்டர்களுக்குப் பொதுவான விதி மூன்று வருஷம்தான். வித்தியாசத்தைப் பாருங்கள்.

போபால் கோரத்துக்குப் பிறகு, 1987 இல், 1948 ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் 41-சி என்ற ஷரத்தைச் சேர்த்தார்கள். அபாயகரமான வேலையில் உள்ள தொழிலாளியின் சுகாதார ஏட்டை நிர்வாகம் சரியாக எழுதிவர வேண்டும். தொழிலாளி அதைப் பார்க்க வழி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தொகுப்பைப் பற்றி நமது அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும். இங்கே அதைத் திறக்கப் போவதில்லை. சுகாதார ஏட்டைப் பற்றிய கடமை அதிலும் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

போபாலில் என்ன நடந்தது? 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்தது. ஒவ்வொருவருக்கும் தனி சுகாதாரப் புத்தகம் கொடுங்கள், மருத்துவக் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது 2012 ஆகஸ்டில். நடுவில் 27 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. எந்த ஆஸ்பத்திரியில் என்ன மருந்து சாப்பிட்டோம் என்பதற்குக் கையில் காகிதமில்லாமல் ஜனங்கள் அலைந்த வருஷங்கள் அவை.

அபராதம் யாருக்கு?

இப்போது காகிதம் போய்க் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. 2021 செப்டம்பர் முதல் சர்க்கார் 14 இலக்க சுகாதார எண் கொடுக்கிறது. ஆளுக்கொரு எண், அதில் எல்லாச் சீட்டுகளையும் இணைக்கலாம் என்கிறார்கள். சௌகரியம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் 2022 நவம்பர் 23 அன்று டில்லியில் நாட்டின் முதன்மையான சர்க்கார் ஆஸ்பத்திரியான எய்ம்ஸின் கம்ப்யூட்டர்களுக்குள் யாரோ புகுந்து எல்லாவற்றையும் முடக்கிவிட்டார்கள். நாட்கணக்கில் டாக்டர்கள் கையால் சீட்டெழுதி நோயாளிகளைப் பார்த்தார்கள். டைம் ஆபீஸ் மேஜையில் கிடந்த பைலை இருநூறு பேர் பார்த்தார்கள். இந்தப் பைல் திறந்தால் எத்தனை கோடிப் பேர்?

இதற்காக 2023 இல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான ஷரத்துகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்தே அமுலுக்கு வருமென்று வைத்திருக்கிறார்கள். வக்கீல் நண்பர்கள் இதைப் பூரணமாகப் படித்திருப்பீர்கள். நாம் படித்தபோது பென்சிலால் கோடு போட்ட இடங்களை மட்டும் சொல்லுகிறோம்.

உடல்நிலை பற்றிய தகவலுக்குத் தனியான பாதுகாப்பு அதில் கிடையாது. ரத்தச் சோதனை முடிவும் டெலிபோன் நம்பரும் ஒரே தட்டில்தான். வேலை சம்பந்தமான காரியத்துக்காகவும், முதலாளிக்கு நஷ்டம் நேராமல் பாதுகாப்பதற்காகவும், தொழிலாளியின் சம்மதம் இல்லாமலேயே தகவலைப் பயன்படுத்தலாம் என்று 7 ஆவது ஷரத்தில் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். தகவலைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கேட்கவே பிரமாதமாக இருக்கிறது! ஆனால் அந்தப் பணம் சர்க்காரின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. யாருடைய வியாதி ஊருக்குத் தெரிந்ததோ அவருக்கு ஒரு காசு வராது. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ ஷரத்தில் நஷ்டஈடு கேட்க வழி இருந்தது. புதிய சட்டம் அதை நீக்குகிறது. போதாக்குறைக்கு, அற்பமான புகார் என்று போர்டு கருதினால் புகார் செய்தவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம். ஒரு மில் தொழிலாளிக்குப் பத்தாயிரம் ரூபாய் என்றால் என்னவென்று இங்கே விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இது பெரிய வக்கீல் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. 1996 இல் ‘ஹிப்பா’ என்று ஒரு சட்டம் போட்டார்கள். ஆஸ்பத்திரிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் அந்தச் சட்டப்படி நடக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும் வேலைக்குக் ‘கம்ப்ளையன்ஸ்’ என்று பெயர். அதற்கென்றே ஆயிரமாயிரம் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். அந்தச் சட்டத்தின் பேரில் நோயாளி நேரடியாக வழக்குப் போட முடியாது. சர்க்கார் இலாகாவுக்குப் புகார்தான் அனுப்பலாம். ஆகவே அந்தத் தொழிலில் காசு இருக்கும் இடம் ஆஸ்பத்திரியின் பக்கம். நம் ஊரிலும் அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். முன்வரிசையில் இருக்கும் இளைஞர்களில் சிலர் அங்கே போவீர்கள். போங்கள், தவறு என்று சொல்லமாட்டோம். ஆஸ்பத்திரியை ஒழுங்காக நடக்க வைப்பதும் நோயாளிக்குச் செய்யும் நன்மைதான். பைலைப் பூட்டி வைக்கச் சொல்லும்போது, சாவி ஒன்று நோயாளியிடமும் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். அது போதும்.

சங்க ஆபீஸில்

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். வேலைக்குச் சேரும்போது கையெழுத்து வாங்கும் காகிதக் கட்டில், ‘எனது மருத்துவக் குறிப்புகளை நிர்வாகத்துக்கு வழங்கச் சம்மதிக்கிறேன்’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். வயிற்றுக்காகப் போடும் கையெழுத்தைச் சுயேச்சையான சம்மதம் என்று சொல்ல முடியுமா? அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தக் காகிதத்தின் நகலை நம்மிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். லீவுக்குச் சீட்டு வாங்கும்போது, ‘இத்தனை நாள் ஓய்வு தேவை’ என்று மட்டும் எழுதிக்கொடுக்கும்படி டாக்டரைக் கேட்கலாம். பெரும்பாலான டாக்டர்கள் நல்லவர்கள், கேட்டால் செய்வார்கள். கேட்கலாம் என்பதே நம் ஆட்களுக்குத் தெரியாது. குரூப் இன்ஷூரன்ஸில் ஆஸ்பத்திரிச் சீட்டு நிர்வாக ஆபீஸ் மேஜை வழியாகப் போகிறதா என்பதையும் பாருங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நேரே போகும்படி செய்ய ஒரு மனுப் போதும்.

இன்னொன்று. நமது சங்க ஆபீஸ் பீரோவைச் சென்ற மாதம் திறந்து பார்த்தோம். அங்கத்தினர்களின் மருத்துவச் சீட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக் காகிதம். பீரோவுக்குப் பூட்டு இல்லை. டீ வாங்கப் போகிறவர், பேப்பர் படிக்க வருகிறவர், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். முடிந்த வழக்குகளின் சீட்டுகளை உரியவர்களிடமே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டோம். சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்தச் சகோதரியின் ஊருக்கும் போனோம். கல்யாணமாகி, ஒரு பையன் இருக்கிறான். எக்ஸ்ரே கவரை வாங்கி, பிரித்துப் பார்க்காமல், அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார். காப்பி கொடுத்தார்.

பீரோவுக்கு நேற்றுப் பூட்டுப் போட்டாயிற்று. சாவி ஆபீஸ் காரியதரிசியிடம் மட்டும் இருக்கும், நம்மிடம் கிடையாது.

இப்போது வக்கீல் தோழர் 72 மணி நேர மனுவை எப்படி எழுதுவதென்று சொல்லித்தருவார். காகிதம் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். மனுவில் வியாதியின் பெயரை எழுத வேண்டாம்.